மட்டம் பார்க்கும் மெல்ரோய்

இருமல் பாணிப் போத்தலை யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மட்டம் பார்த்த பிறகுதான் மெல்ரோய் மூடியைத் திறப்பார். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், விருந்தாளிக்கு ஊற்றும் சோடா எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிவீடுகளில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

தொழில் அப்படி. தனியார் ஆஸ்பத்திரியொன்றின் சத்திரசிகிச்சைக் கூடத்தில், மயக்க மருந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருடமாக உதவியாளராக நிற்கிறார். அதில் விரலகலக் கண்ணாடி ஒன்று உண்டு. நோயாளி மூச்சில் இழுக்கும் மருந்து எவ்வளவு மீதியென்று அதில் தெரியும். "டொக்டர் ஆளைப் பாப்பார், நான் கண்ணாடியப் பாப்பன். ரெண்டு பேரும் பாத்தாத்தான் ஆள் எழும்பும்." இத்தனை பேரை மயக்கியவருக்குத் தன் பல்லைப் பிடுங்க இன்னும் பயம்.

இப்போது குழப்பம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. மனைவி பிறிஜெற்றுக்கு வலது மணிக்கட்டில் நரம்பு நெரிந்து விரல்கள் மரத்துப்போகின்றன. சீக்கிரம் வெட்டித் தளர்த்தாவிட்டால் கை உதவாது. கையை மட்டும் மரக்கவைக்கும் விறைப்பூசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆஸ்துமாவால் முழு மயக்கமும் ஆபத்து. மயக்க மருந்து டொக்டர் பஹ்மிதா ஓர் ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்: மூச்சில் இழுக்கும் அதே மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத நனோ துளிகளில் அடைத்து மணிக்கட்டில் ஏற்றுவார்கள்; வெளியிலிருந்து ஸ்கேன் அலை பட்டால் துளிகள் தேவையான அளவு மட்டும் மருந்தை விடும். கை தூங்கும், ஆள் விழித்திருப்பார்.

"இழுக்கிற மருந்தக் குத்தினா மூக்குக்கு என்ன வேலை, டொக்டர்?"

"லீவு, அங்கிள்."

"மட்டம் எதில பாக்கிறது?"

"ஸ்கிரீன்ல வரும்."

"ஸ்கிரீன்ல கிரிக்கெட்டும்தான் வருது."

திங்கட்கிழமை மெல்ரோய் மீன்காரரிடம் 'பெரிய முன்னேற்றம்' என்றார். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் அதே சங்கதி 'விசர்க் கதை' ஆகிவிட்டது. ஞாயிறு பூசை முடிவதற்குள் இரண்டுமாக இருந்தது.

கடைசியில் பிறிஜெற்றே சம்மதப் படிவத்தை இழுத்து இடக்கையால் கையொப்பம் வைத்தார். "ஊராக்களையெல்லாம் படுக்க வச்சீங்க, எனக்கு மட்டும் என்ன யோசின? முழிச்சுத்தானே இருக்கப்போறன். கண்ணாடி இல்லாட்டி என்னையே கேளுங்க, நோகுதா எண்டு."

சாட்சிக்கான கோடு வெறுமையாகக் கிடந்தது.

மெல்ரோய் தாளை யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார். இடக்கை எழுத்து வெளிச்சத்தில் கோணலாகத் தெரிந்தது. பிறகு, தாளை இறக்காமலே, யன்னல் கண்ணாடியில் வைத்துக் கையொப்பமிட்டார்.