நான் விழுங்கிய 'ஓ'

எங்கள் வீட்டில் எந்த அறைக்கதவுக்கும் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் கிடையாது. அப்பாவே ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார். வருகிற விருந்தாளிகள் கேட்டால், "துரு புடிச்சிடுச்சிங்க" என்பார். நன்றாக இருந்த தாழ்ப்பாள்கள்.

கொரோனா இரண்டாம் அலையில் சித்தப்பாவுக்குப் பாசிட்டிவ் என்று போனில் செய்தி வந்தது. அப்பாவுக்கு ஒரே தம்பி அவர். கிரிவலப் பாதையில் டிபன் கடை வைத்திருந்தார். பௌர்ணமிக் கூட்டமே இல்லாமல் கடை மூடிக் கிடந்தது. அவரை மாடியறையில் தங்கவைத்து, நான் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று அப்பா வெளியே தாழ்ப்பாள் போட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் சித்தப்பா கதவைத் தட்டினார். "அண்ணா, கொஞ்சம் சுடுதண்ணி."

"இருடா, தோ வர்றேன்" என்றார் அப்பா. ஒரு முகக்கவசம் மாட்டினார். அதன்மேல் இன்னொன்று. அப்புறம் கையுறை, மழைக்கோட்டு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சொம்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியின் அடியில் போய் நின்றவர், நின்றபடியே இருந்தார். தண்ணீர் ஆறிப்போயிற்று. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வந்து சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. நான்காம் நாள் எல்லாம் முடிந்தது. முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை.

மறுவருஷம் பள்ளி திறந்து, நான் எட்டாவதில் இருந்தேன். அடையாள அட்டைக்காக எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தவகை பார்த்தார்கள். எனக்கு ஓ பாசிட்டிவ். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்த அற்புதமான யோசனை உதித்தது. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்பா கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்து முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஸ்கூல்ல டெஸ்ட் எடுத்தாங்க. எனக்கு பாசிட்டிவ்."

'ஓ'வை வேண்டுமென்றே விழுங்கிவிட்டேன். அவர் துள்ளிக் குதிப்பார், பிறகு அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று திட்டம். அவர் குதிக்கவில்லை. முறம் சரிந்து மல்லாட்டை தரையெல்லாம் உருண்டது. முகத்தில் பொட்டு ரத்தமில்லை.

"ஐயோ அப்பா, ஓ! ஓ பாசிட்டிவ்! ரத்தம்பா!" என்று கத்தினேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. என் கையைப் பிடித்துத் தரதரவென்று மாடிக்கு இழுத்துப் போனார். அதே அறை. போச்சு, என்னையும் அடைக்கப் போகிறார் என்று அலறினேன்.

அவரும் உள்ளே வந்தார். கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, என் முகத்தைத் தன் முகத்தோடு அழுத்திக்கொண்டார். வியர்வையில் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பெரியவர்கள் பயப்படுவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வெளியே அம்மா கதவை இடித்தாள். "ஏங்க, அது பிளட் குரூப்புங்க! தொறங்க!"

"சுடுதண்ணி கொண்டா" என்றார் அப்பா.

வேறு வழி தெரியாமல் அம்மா கொண்டுவந்தாள். கதவை ஒரு சாண் திறந்து சொம்பை வாங்கி, ஊதி ஊதி என் வாயில் வைத்தார்.

"குடி தம்பி. அண்ணன் வந்துட்டேன்டா."

நாக்கு வெந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டேன்.

மறுநாள் பள்ளியில் இதைத்தான் பெரிய ஜோக்காகச் சொன்னேன். எங்கப்பாவுக்குப் பொண்ணுக்கும் பையனுக்கும் வித்தியாசம் தெரியலடி, என்னைப் போய் தம்பின்னு கூப்பிடுறாரு என்றதும், தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா தாழ்ப்பாள்களைக் கழற்றினார். மாடியறையில் ஆரம்பித்தார். ஒவ்வொரு ஸ்க்ரூவாக என் உள்ளங்கையில் வைத்தார். எதற்கென்று தெரியாமல் அவற்றை என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். நல்ல சத்தம் வந்தது.