டைரியில் காணாமல் போன பதினாறு நாள்

1. திரும்பி வந்த லோடு

சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸின் பைண்டிங் பிரிவில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பத்து வருடம் செக்கர். அந்த இருபத்தேழு வருடத்தில் வேலை போய்விடும் என்று நான் நினைத்தது ஒரே ஒரு நாள்தான். மதுரைக்கு அனுப்பிய டைரி லோடு அப்படியே திரும்பி வந்த நாள்.

தீபாவளி முடிந்த மறுவாரம். எங்கள் மேனேஜர் காதர் பாய் என்னைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார். எதிர்முனையில், அந்த டைரிகளை அடிக்கச் சொன்ன மதுரை ஜவுளிக்கடையின் மேலாளர். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஏன் பாய், ஜூன் பத்துலருந்து இருவத்தஞ்சு வரைக்கும் ரெண்டு தடவ வருது. அடுத்து நேரா ஜூலை பன்னெண்டு. நடுவுல பதினாறு நாளு எங்க போச்சு?"

"பாத்துச் சொல்றேன் சார்."

"எங்க மொதலாளி மகளுக்கு ஜூலை ஆறுல கல்யாணம். ஆசையா டைரிய விரிச்சாரு. அந்தத் தேதியே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அது ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் வீதம் உள்ள டைரி. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். நீள மேசையில் பாரங்களை வரிசையாகக் குவித்து வைத்திருப்போம். பெண்கள் மேசையைச் சுற்றி நடந்தபடியே ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒன்றை எடுத்துச் சேர்ப்பார்கள். இதைத்தான் கேதரிங் என்போம். பாரத்தின் முதுகில் ஒரு கறுப்புக் கோடு அச்சாகியிருக்கும். சரியாகச் சேர்த்திருந்தால் கோடுகள் படிக்கட்டு மாதிரி வரிசையாக இறங்கும். ஒரு பாரம் விட்டுப்போனால் ஒரு படி இருக்காது. அதைப் பார்த்துப் பிடிப்பதுதான் செக்கரின் வேலை. அதாவது, என் வேலை.

நானும் காதர் பாயும் இரண்டு நாள் உட்கார்ந்து இரண்டாயிரம் டைரியையும் புரட்டினோம். முந்நூற்றுச் சொச்சம் கெட்டிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கட்டு நம்பர் எழுதிய சீட்டு இருக்கும். எந்தக் கட்டு எத்தனை மணிக்கு மேசையிலிருந்து இறங்கியது என்பது என் நோட்டில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். கெட்ட கட்டு அத்தனையும் சாயங்காலம் ஆறரைக்கு மேல் இறங்கியவை. அத்தனையிலும் என் கையெழுத்து.

காலையில் இறங்கிய கட்டில் ஒன்றுகூடக் கெடவில்லை.

2. எட்டரைக்கு எட்டரை

சீசனில் எங்கள் நேரம் எளிமையானது. காலை எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டரைக்கு இறங்குவோம். ஆடியில் தொடங்கினால் மார்கழி வரை இதுதான். ஓ.டி.க்கு ஒன்றரைப் பங்கு கூலி. சம்பளம் வீட்டுச் செலவுக்கு, ஓ.டி. மற்ற எல்லாவற்றுக்கும் என்று ஆகியிருந்தது. யாராவது "இன்னிக்கு ஓ.டி. இல்ல" என்று சொன்னால் பிரிவே வாடிப்போகும்.

எனக்கு ஊர் ஆனைக்குட்டம், பஸ்ஸில் போக வேண்டும். வீடு போய்ச் சேர ஒன்பதரை ஆகும். என் வீட்டுக்காரர் சுப்பையா பட்டாசு ஆலையில் வேலை. அவர் ஐந்தரைக்கே வந்துவிடுவார். ஆறு மாதம் அவர்தான் சமையல். நான் போகும்போது சோறு ஆறியிருக்கும், அவர் தூங்கியிருப்பார். சண்டை போடக்கூட எங்களுக்கு நேரம் கிடைத்ததில்லை. அக்கம்பக்கத்தில் எங்களை ஒற்றுமையான தம்பதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். வேலை போய்விடும் என்ற முடிவோடுதான் போனேன்.

"கையெழுத்து என்னோடதுதான் அண்ணாச்சி. நான் மறுக்கல. ஆனா நேரத்தையும் கொஞ்சம் பாருங்க."

அவர் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"பத்து மணி நேரம் கழிச்சு எனக்கு அந்தக் கோடு கோடாத் தெரியலண்ணாச்சி. எறும்பு மாதிரி ஊருது. சுத்தி நடக்குற புள்ளைகளுக்கும் அப்படித்தான். கை தானா எடுக்கும், மனசு அங்கன இருக்காது."

"அதுக்கு என்ன செய்யச் சொல்றீக? டிசம்பருக்குள்ள லோடு போகணும்லா?"

அதற்கு முந்தைய நாள் பஸ்ஸில் யோசித்ததைச் சொன்னேன். இருபத்துநாலு பேர் பன்னிரண்டு மணி நேரம் பார்ப்பதை, முப்பத்தாறு பேர் எட்டு மணி நேரம் பார்க்கட்டும். ஒரு செட் காலை ஏழு முதல் மூன்றரை. இன்னொரு செட் பதினொன்று முதல் ஏழரை. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் அடைத்திருக்கிற நேரம். தாயில்பட்டியில் கேட்டால் பன்னிரண்டு பேர் கிடைப்பார்கள். ஓ.டி.க்குப் போகிற பணத்தை எல்லோருக்கும் தினக்கூலியில் கூட்டிக் கொடுங்கள். சீசன் முடிந்தபிறகும் அதைக் குறைக்கக் கூடாது.

"கடைசியாச் சொன்னீகளே, அது வில்லங்கமால்ல இருக்கு" என்றார் அண்ணாச்சி.

காதர் பாய் மெதுவாகச் சொன்னார்: "முந்நூறு டைரிய மறுபடி அடிக்கிறதும் வில்லங்கந்தான் அண்ணாச்சி."

ஒரு மாதம் பார்ப்போம் என்று முடிவானது.

3. பேச்சியம்மாள் சொன்னது

சண்டை முதலாளியோடு வரும் என்று நினைத்திருந்தேன். அது எங்கள் பிரிவுக்குள்ளேயே வந்தது. பேச்சியம்மாள் எங்களில் வேகமான கை. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டில் நான் விவரத்தைச் சொன்னதும் தூக்குவாளியை மூடி வைத்தாள்.

"தப்புப் பண்ணது நீங்க. கைய வைக்கிறது எங்க ஓ.டி.லயா?"

அவள் சொன்னதில் பாதி உண்மை.

"சீசன்ல சம்பளக் கவர் மூணுல ஒரு பங்கு குறையும் பேச்சி. ஆனா தைக்குப் பெறகு கூடுதலாத்தான் வரும். வருசத்துக்கும் சேத்துப் பாத்தா அம்புட்டுக் கொறையாது."

"வருசத்துக்கும் சேத்துக் காலேசுல பீசு வாங்க மாட்டாகக்கா. இப்பத்தான் கேக்காக."

பேச்சியம்மாள் அந்த வாரமே வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டாள். அங்கே பன்னிரண்டு மணி நேரம் கிடைத்தது. அவள் கணக்கு அவளுக்குச் சரி. மகள் படித்து முடித்து இப்போது விருதுநகரில் வேலை பார்க்கிறாள். பேச்சியம்மாளைச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் கண் வலி என்பாள். இங்கே வந்துவிடு என்பேன். அடுத்த சீசன் பார்ப்போம் என்பாள். இன்னும் வரவில்லை. எட்டு மணி நேரம் எல்லோருக்கும் கட்டுப்படியாகும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

4. வெயிலோடு வீட்டுக்கு

முதல் நாள் மூன்றரைக்கு மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை. காதர் பாய் வந்து, "என்ன, போக மனசில்லையா?" என்று கேட்டபிறகுதான் பையை எடுத்தோம்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் என் நிழல் எனக்கு முன்னால் போகிறது. சீசனில் அந்தத் தெருவில் நான் நிழலோடு நடந்து எத்தனையோ வருடம். பக்கத்து வீட்டு மதினி ஓடி வந்து, "மேலுக்குச் சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஆலை லீவு என்பதால் என் வீட்டுக்காரர் வீட்டில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"நிறுத்திட்டாகளா?"

"இல்ல. வேல முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சுன்னா? கம்பெனிய மூடிட்டாகளா?"

விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அவர் கவலையாகச் சொன்னார்:

"நீ தெனம் இந்நேரம் வந்தா நான் என்ன செய்ய?"

முதல் இரண்டு வாரம் சிரமம்தான். அவர் போடும் காபியில் சீனி அதிகம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு இப்படிக் குறட்டை வரும் என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்ததாம். நாலு நாள் பேசாமல் இருந்தோம். ஐந்தாம் நாள் அவரே, "வா, டேமுல தண்ணி நெறஞ்சிருக்காம், பாத்துட்டு வருவம்" என்று கூப்பிட்டார். அணைக்குப் பக்கத்து ஊரிலேயே குடியிருந்துகொண்டு, தண்ணீர் நிறைந்த அணையை நான் பார்த்தது கல்யாணமான வருடத்துக்குப் பிறகு அன்றுதான். சூடான சுண்டல் வாங்கிக் கொடுத்தார். மனிதர் நன்றாகத்தான் பேசுகிறார்.

பிரஸ்ஸில் கண்ட வேடிக்கை வேறு. எங்கள் செட்டில் ஐந்து பேர் மூன்றரைக்கு மேல் பின்பக்கக் காலி இடத்தில் ஸ்கூட்டி பழக ஆரம்பித்தோம். வண்டி காதர் பாயின் மனைவியுடையது. முதல் நாள் எங்களில் ஒருத்தியான முத்துமாரி பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரைத் திருகினாள். வண்டி நேராகக் கட்டிங் வேஸ்ட் குவியலுக்குள் பாய்ந்தது. கழுத்து வரை காகிதத் துண்டு. தலையை மட்டும் வெளியே நீட்டி, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே பாய்?" என்று கேட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்த அண்ணாச்சி சிரித்து நான் அன்றுதான் கண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் நான் லைசென்ஸ் வாங்கினேன். முத்துமாரிக்கு மூன்றாம் தடவைதான் கிடைத்தது.

5. போர்டில் எழுதியது

தினமும் எத்தனை டைரி இறங்கியது என்று சுவரில் உள்ள போர்டில் எழுதுவோம். முதல் வாரம் குறைந்தது. புதிதாக வந்தவர்களுக்குக் கை பழகவில்லை. அண்ணாச்சி தினம் வந்து போர்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், போய்விடுவார். இரண்டாம் வாரமும் குறைவுதான். மூன்றாம் வாரம் பழைய எண்ணிக்கை வந்தது. நாலாம் வாரம் கொஞ்சம் கூடியது.

பிழை அப்போதும் வந்தது. ஆனால் மேசையிலேயே பிடிபட்டது. சேர்க்கிற பெண்ணே நின்று, "யக்கா, இதுல ஒரு படி இல்ல" என்று தூக்கிக் காட்டினாள். முன்பெல்லாம் அப்படிச் சொல்ல யாருக்கும் தெம்பு இருந்ததில்லை. அந்த வருடம் ஒரு லோடும் திரும்பவில்லை. தைக்குப் பிறகும் கூலியைக் குறைக்காமல் அண்ணாச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தாயில்பட்டியிலிருந்து வந்தவர்களில் ஏழு பேர் ஆலை திறந்தும் திரும்பிப் போகவில்லை.

நான் இதில் கற்றது ஒன்றுதான். கூலி என்பது கவருக்குள் வருவது மட்டும் இல்லை. வீட்டுக்குள் எந்த நிலையில் நுழைகிறோம் என்பதும் அதில் சேர்த்தி. புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும். பேசக் கூச்சப்படக் கூடாது.

சென்ற வருடம் நான் விலகுவதற்குச் சில நாள் முன்பு, ஆள் எடுக்க நானும் காதர் பாயும் உட்கார்ந்திருந்தோம். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்தாள். பேர் செல்வராணி. காதர் பாய் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"சம்பளம் எம்புட்டு எதிர்பாக்குறீக?"

"அது இருக்கட்டும் சார். எத்தன மணிக்கு விடுவீக?"

காதர் பாய் என்னைப் பார்த்தார். "மூணரைக்கு" என்றேன்.

"மூணரைன்னா மூணரையா? இல்ல, மூணரைன்னு சொல்லிட்டு அஞ்சாக்குவீகளா?"

"மூணரைன்னா மூணரைதாம்மா."

அவள் அதுவரை நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பச் சம்பளத்தப் பேசுவம்" என்றாள்.