அம்மாவை இறக்காமல் ஒரு வேகத்தடை

உத்தனப்பள்ளி வேகத்தடையில் அம்மாவை இறக்கிவிட்டுக் காரைக் கோணலாகத் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான், இதை விற்றுவிட்டுப் புது மாடல் வாங்கினால் என்ன என்று முதலில் தோன்றியது. பின்னால் பெரியப்பா மகனின் கார் வந்து நின்றது. என் காரின் அதே கம்பெனி, புது மாடல். ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. உள்ளே ஏதோ ஒரு பட்டனை அழுத்தினான். காரின் மூக்கு மெல்ல எழும்பியது, தூங்கிக்கொண்டிருந்த நாய் தலையைத் தூக்குவதுபோல. அப்படியே நேராக வேகத்தடையில் ஏறி இறங்கினான். கண்ணாடியை இறக்கி, "பாப்பா, இன்னும் டவுன் பஸ்ஸு மாதிரி ஆளை எறக்கி ஏத்திக்கிட்டுத்தான் ஓட்டறியா?" என்றான்.

என்னைவிட மூன்றே மாதம் மூத்தவன். அந்த மூன்று மாதத்துக்கு நான் ஆயுள் முழுக்கப் பாப்பா.

வேகத்தடைக்கு அந்தப் பக்கம் தக்காளிப் பையோடு நின்ற அம்மா, "எவ்ளோ அழகா போறான் பாரு" என்றாள்.

என்னுடையது பதினைந்து வயதான ஜெர்மன் கார். இரண்டு கதவு, எஞ்சின் பின்னால், தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. ராயக்கோட்டைச் சாலையிலோ ஊருக்கு ஊர் வேகத்தடை. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்தால் அடி தட்டும். அதனால் அம்மா இறங்கி நடப்பாள், நான் கோணலாக ஏற்றி இறக்குவேன், மறுபடி ஏறிக்கொள்வாள். நான்கு வருடமாக இதுதான் நடக்கிறது. நான் சொல்லவே வேண்டாம், வேகத்தடை கண்ணில் பட்டதும் பெல்ட்டைக் கழற்றிவிடுவாள். அவ்வளவு தாழ்ந்த சீட்டிலிருந்து எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்பாள். அதைக் கேட்காத மாதிரி நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவன்மேல் எனக்கு எரிச்சல் இந்தக் காரில் தொடங்கியதல்ல. சூளகிரியில் தாத்தாவின் நிலத்தைப் பாகம் பிரித்தபோது ரோட்டோரம் பெரியப்பாவுக்கும் உள்பக்கம் அப்பாவுக்கும் விழுந்தது. பிறகு தொழிற்சாலை கட்டக் கம்பெனிக்காரர்கள் நிலம் வாங்க வந்தபோது ரோட்டோரத்துக்கு ஒரு விலை, உள்பக்கத்துக்கு ஒரு விலை. எங்கள் இரண்டு கார்களையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் போதும், அந்தப் பத்திரத்தைப் படிக்க வேண்டியதில்லை.

மூன்று நாள் அந்தப் பட்டன் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் என் காருக்கு விளம்பரம் போட்டேன். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்தார், பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். புது மாடலில் செகண்ட் ஹேண்ட் ஒன்று பெங்களூர் கோரமங்களாவில் இருந்தது. லோனும் கிடைக்கும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் புதன்கிழமை எனக்கு ஷிப்ட். அம்மாவை அவன் தன் காரில் ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனான். சாயங்காலம் எங்கள் வாசலிலேயே எல்லோரையும் நிற்கவைத்துக் கதை சொன்னான்.

"பிரேக்கர்கிட்ட ஸ்லோ பண்றேன், சித்தி பெல்ட்ட கழட்டிட்டு கதவத் தொறக்கறாங்க! 'நீ போப்பா, நான் நடந்து வந்துர்றேன்'ங்கறாங்க. வண்டி ஓடுது பாப்பா! நல்லாத்தான் ட்ரெய்னிங் குடுத்திருக்கற."

பெரியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். "பழக்கம்பா, காலு தானா எறங்குது" என்றாள். அவனை ஏதாவது திருப்பிக் கேட்கலாம் என்றால், அவன் சொன்னதில் பொய் ஒன்றுமே இல்லை.

மறுநாள் ஆபீஸில் படம் வரைய உட்கார்ந்தேன். மெஷினில் இரும்பு வார்ப்புகளை அசையாமல் பிடிக்கும் பிடிமானங்களை வடிவமைப்பது என் வேலை. உள்ளங்கையளவு சிலிண்டர், எண்ணெய் அழுத்தம் ஏறினால் தண்டு நான்கு சென்டிமீட்டர் வெளியே வரும், இரண்டு டன்னைத் தாங்கும். திரையில் அன்று இருந்ததும் அதுதான். மவுஸை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் பின்னால் இருப்பதால் என் காரின் முன்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் முந்நூறு கிலோகூட வராது. அவனுடைய பட்டன் செய்வது வேறென்ன? ஸ்பிரிங்குக்கு மேலே இப்படி ஒரு சிலிண்டர் உட்கார்ந்து உடம்பைத் தூக்குகிறது. நான்கு வருடமாகத் தினமும் இதை வரைகிறேன். நான்கு வருடமாக அம்மாவை இறக்கிவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் காரைப் பார்க்கும் மெக்கானிக்குக் கன்னடமும் தமிழும் சேர்ந்துதான் வரும். அந்தச் சிலிண்டரை என் காரில் மாட்ட வேண்டும் என்று போனில் சொன்னதும், "சும்னே எதுக்கு மேடம் தலைநோவு? வித்துட்டு புதுசு எடுத்துக்கோங்க" என்றார்.

"முடியுமா, முடியாதா?"

"முடியும். ஏறினது எறங்கலன்னா?"

"உங்க ஷெட்டுலயே நிக்கட்டும்."

"அதான பாத்தேன்!" என்று சிரித்தார். "ஞாயித்துக்கிழமை காலைல கொண்டாங்க."

ஆபீஸில் ஒதுக்கி வைத்திருந்த இரண்டு சோதனைச் சிலிண்டர்களை மேனேஜரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். பெங்களூர்க்காரரிடம் திங்கட்கிழமை வரை தவணை கேட்டிருக்கிறேன். எண்ணெய் கசிந்தால் கார் அவருக்கு, எனக்குக் கோரமங்களா கார். கசியாவிட்டாலும் என்னிடம் பட்டன் இருக்காது. சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பம்பு, பத்துப் பதினைந்து முறை அழுத்த வேண்டும். அவனுக்கு ஒரு விரல் போதும். அதை நினைத்தால் இப்போதும் எரிகிறதுதான்.

முதலில் இடது சக்கரம். அது எழும்பி, எழும்பியபடியே அரைமணி நேரம் நின்றால் வலது. இரண்டும் நின்றால் அம்மாவை உட்காரவைத்து நேராக உத்தனப்பள்ளி. அவனையும் பின்னால் வரச்சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எதற்கும் அம்மா பக்கத்துக் கதவை மட்டும் முன்கூட்டியே பூட்டிவிட வேண்டும்.