சாரலுக்கு ஒரு பல்பு

இதை நான் தட்டிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர் போன சீசனில் செத்துக் கிடந்தது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே சந்தோஷப்படும். இது மட்டும் எழும்பாது. தூக்கிக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பினேன். ரிப்பேருக்குக் கொடுத்தால் நல்ல பாகத்தை உருவிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதனால் உள்ளே இருந்த ஒவ்வொன்றிலும் மனைவியின் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்தேன்.

“அங்கன போயி பல்பு வாங்கிட்டு வந்துராதீங்க” என்றாள் அவள்.

கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, ஆயுத பூஜைக்கு உள்ளேயுமா பொட்டு வச்சீங்க?”

நான் சிரிக்கவில்லை.

“மதர்போர்டு போச்சு. ரேம் கூட்டுனாலும் வேஸ்ட். புதுசு வாங்கிருங்க, அதான் லாபம்.”

யாருக்கு லாபம் என்று கேட்க வாயெடுத்தபோது, அவர் பில் போடும் கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது. என்னுடையதைப் போலவே கிழட்டு மாடல். அதை ஒட்டி, பட்டப்பகலில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“இது எதுக்கு?”

“சாரல்ல ஈரம் ஏறிட்டா எழும்பாதுல்லா? சூடு காட்டுனா நல்லா ஓடுது” என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

அவர் முன்னாலேயே புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மூடியை மாட்டித் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு கடையில்தான் நின்றேன்.

“என்ன வாங்குனீங்க?” என்று வாசலிலேயே கேட்டாள் மனைவி.

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

“பல்பு.”