இருட்டில் வந்த தண்ணீர்

எதைக் காட்டலாம் என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. கல்லூரிக்காக நான் எடுத்த முதல் குறும்படம். திருவிடைமருதூர்ப் பக்கம் எங்கள் வயலோரக் காய்ந்த வாய்க்காலில் காவிரித் தண்ணீர் வந்து சேர்வதுதான் கடைசிக் காட்சி. ஒரு முறைதான் வரும், ரீடேக் கிடையாது.

கேமராவோடு தோழி கவிதாவும் நானும் விடிந்ததிலிருந்து கரையில் காத்திருந்தோம். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பதுபோல வளைவில் திரும்பியது தண்ணீர்.

"ஏய், வந்துருச்சுடி!"

ஓடிக்கொண்டிருந்த கேமராவைத் துண்டின்மேல் போட்டுவிட்டுக் கவிதா வாய்க்காலில் குதித்தாள். நானும் செருப்பை உதறிவிட்டு இறங்கினேன்.

பிறகு போட்டுப் பார்த்தால் கேமரா குப்புறக் கிடந்திருக்கிறது. படம் முழுக்க இருட்டு. வெடித்த மண் தண்ணீர் குடிக்கும் சத்தம் மட்டும் பதிவாகியிருந்தது. அழுது தீர்த்தேன். வேறு வழியில்லாமல் அந்த இருட்டையே கடைசிக் காட்சியாக வைத்தோம்.

திரையிட்ட அன்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரை இருண்டதும், "கரன்ட் போயிடுச்சாம்மா?" என்றார். பிறகு மண் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

விளக்கு எரிந்தபோது பார்த்தேன். அப்பாவின் செருப்புகள் நாற்காலிக்கடியில் கிடந்தன. வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்.