சூடம் அணைத்த கிராணி

சங்கத் தலைவர் நன்கொடைப் பணத்தில் புதுக் கார் வாங்கிவிட்டாராம். ரவாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் மச்சான் சொன்னதாக லோரிக்கார வாசு சொன்னதுதான். கோல சிலாங்கூர் ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் முழுக்க அன்றைக்கே பரவிவிட்டது.

தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி காளியண்ணன் காதுக்கும் அது வந்தது. இருதய நோய்ப் பிள்ளைகளுக்கென்று அந்தக் கோலாலம்பூர்ச் சங்கத்துக்கு மாதாமாதம் லயத்தில் வசூலித்து அனுப்புகிறவர் அவர்தான். தயங்கியவர்களை நம்பவைக்க, முனியாண்டி கோயிலில் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, "ஒரு காசு வீணாகாது" என்று சத்தியமே செய்திருந்தார். சங்கத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

"கார் அவனோடதா இருக்கட்டும் கிராணியாரே, சத்தியம் உங்களோடதுலா," என்றாள் பால்மரம் வெட்டும் இராஜம்மா. "வீட்டுல புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு யாராச்சும் சூடத்துல கை வைப்பாங்களா?"

வசூலை நிறுத்தினால் தப்பை ஒப்புக்கொண்டதாக லயம் சொல்லும். தொடரவோ கை வரவில்லை. ஏழு மாத வயிற்றோடு மனைவி கலாவதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "பொய்யாப் போனா நம்ம புள்ளயத்தானங்க புடிக்கும்?"

மறுநாள் காலை ஆபீஸ் டெலிபோனில் சங்கத்தின் எண்ணைச் சுழற்றினார். பணம் எதற்குச் செலவானது என்று அவர்கள் ஒரு தாள் எழுதி அனுப்பினால் போதும், லயத்தில் படித்துக் காட்டிவிடலாம். ஜன்னலுக்கு வெளியே இராஜம்மாவும் நாலைந்து பேரும் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.