மைக் நீலமேகத்தின் கையெழுத்து

கொசஸ்தலையாறு இரண்டு மாநிலங்களுக்குச் சொந்தமான ஆறு. ஆகவே அதில் தண்ணீர் வருவதும் போவதும் இரண்டு அரசாங்கங்களின் பொறுப்பு. மேலே அணையில் மதகைத் தூக்கினால் அந்தச் செய்தி இந்தப் பக்கத்து ஏரிக்கு வரவேண்டும். ஏரியிலிருந்து தலைமை அலுவலகம், அங்கிருந்து மண்டல அலுவலகம், அங்கிருந்து மணலிப் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தில் இயங்கும் சின்ன அலுவலகம். இந்த மகத்தான ஏற்பாட்டின் கடைசியில் நின்றது சடையங்குப்பம் நீலமேகத்தின் ஆட்டோ.

நீலமேகத்துக்கு ஐம்பத்தொரு வயது. வருஷத்தில் ஒன்பது மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஷிப்டுக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு சாதாரணப் பிரஜையாக வாழ்வார். மழைக்காலம் வந்தால் ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு அரசாங்கத்தின் குரலாகிவிடுவார். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் தொடங்கினால் தெருநாய்கூட உட்கார்ந்து கேட்கும்.

"வூட்ல வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்ட. தெருவுல மட்டும் கனிவாம், கவனமாம்" என்பாள் அவர் மனைவி கார்குழலி. ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள்.

சடையங்குப்பத்துக்காரர்கள் டிவியை நம்புவதில்லை. டிவி நாள் தவறாமல் சிவப்பு எச்சரிக்கை விடும். அதைக் கேட்டு ஓடினால் மழைக்காலம் பூராவும் ஓடிக்கொண்டேதான் இருக்கவேண்டும். நீலமேகத்தின் மைக் வந்தால் மட்டும் கேஸ் சிலிண்டர் பரண்மேல் ஏறும், ரேஷன் கார்டு பிளாஸ்டிக் கவருக்குள் போய் இடுப்பில் ஒளியும், பிள்ளைகள் பள்ளிக்கூட மாடிக்குப் போகும். முதல் சிலிண்டரைத் தூக்குகிறவள் எப்போதும் கார்குழலிதான்.

ஒரு வருஷம் கால்வாய்த் தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்து, உத்தரவுக்குக் காத்திராமல் நீலமேகம் தானாகவே மைக்கைப் பிடித்துவிட்டார். தண்ணீர் கணுக்காலோடு நின்றுவிட்டது. அனுமதியின்றிப் பீதி கிளப்பியதாக அவருக்கு ஒரு மெமோ வந்தது. அரசாங்கம் அவருக்கென்றே தனியாக எழுதிய முதல் கடிதம். அதன் பிறகு உத்தரவில்லாமல் அவர் மைக்கைத் தொட்டதில்லை.

அந்த டிசம்பரில் மூன்றாம் நாளாக மழை. சடையங்குப்பத்தில் கரண்ட் போய் இரண்டு நாள். எல்லார் போனும் செத்துக் கிடந்தது. காலை பத்து மணியிலிருந்து நீலமேகம் அலுவலக வாசலில் ஆட்டோவோடு காத்திருந்தார். மத்தியானம் உள்ளே போய் அங்கிருந்த எழுத்தரைக் கேட்டார்.

"சார், ஏரி ரொம்பிகினு கீதுன்றாங்கோ. ஒரு சுத்து சொல்லிட்டு வந்துரட்டா?"

"மேலேருந்து லெட்டர் வரல நீலமேகம். போன வாட்டி வாங்கினது மறந்துபோச்சா?"

"லெட்டருக்கு முன்னாடி தண்ணி வந்துட்டா?"

"எப்படி வரும்? லெட்டர் வந்து, அப்புறம்தான் தண்ணி. அதான்யா முறை."

தண்ணீர் முறை தெரியாதது. இரண்டு மணிக்கே ஊருக்குள் நுழைந்துவிட்டது. லெட்டர் நாலு இருபதுக்கு வந்து, முறைப்படி பதிவேட்டில் ஏறியது. நீலமேகம் பறந்தார். தரைப்பாலத்தைக் காணவில்லை. ஆட்டோ அணைந்துபோனது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, பேட்டரியில் உயிர் இருந்தவரைக்கும் "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று கத்தினார். கேட்பதற்குக் கூரைகள்தான் இருந்தன.

பக்கத்து வீட்டு உசேன் பஞ்சர் கடைக்காரர். பள்ளிக்கூட மாடியில் வைத்து அவர்தான் சொன்னார்:

"முட்டி வரைக்கும் தண்ணி நைனா. கெளம்பு அண்ணின்னேன். 'மைக் வரலியே உசேனு, மதகு தொறந்தா எங்க வூட்டுக்காரரு சொல்லாம இருப்பாரா'ன்னாங்கோ. என் பசங்கள மட்டும் தூக்கிக் குடுத்தாங்கோ. திரும்பிப் பாக்கறேன், சுவர் மாதிரி வருது தண்ணி. அண்ணி நின்ன எடத்துல ஒண்ணுமே இல்ல."

மூன்றாம் நாள் ஒரு தொழிற்சாலை மதில் ஓரம் கார்குழலி கிடைத்தாள்.

பிறகு விசாரணை தொடங்கியது. மேலே இருந்தவர்கள், தண்ணீர் விடுவதாகச் சொல்லிவிட்டோம் என்றார்கள். இங்கே இருந்தவர்கள், சொன்னார்கள், ஆனால் எவ்வளவு என்று சொல்லவில்லை என்றார்கள். ஏரிக்காரர்கள் உத்தரவைக் காட்டினார்கள். உத்தரவு போட்டவர்கள் மழையைக் காட்டினார்கள். பதினாலு மாதம் கழித்து, தலையணை கனத்தில் ஓர் அறிக்கை வெளிவந்தது. எல்லாரும் கடமையைச் செவ்வனே செய்திருந்தார்கள். கார்குழலியைப் பற்றியும் அதில் ஒரு வரி இருந்தது. உசேன்தான் வாசித்துக் காட்டினார்: "பகல் பன்னிரண்டு மணிக்கே ஒலிபெருக்கி மூலம் எச்சரிக்கை வழங்கப்பட்டும், மேற்படி கார்குழலி அதனை மதியாமல் வீட்டில் தங்கியதால் உயிரிழந்தார்."

நீலமேகம் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த ஒரு வரியை எடுக்கவேண்டும். வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

விசாரணை அதிகாரி குணசேகரன் நல்ல மனிதர். நாலு தடவை திருப்பி அனுப்பினாலும் ஐந்தாம் தடவை உட்காரச் சொன்னார். கோப்பைப் பிரித்து, ஆட்டோ எங்கே எப்போது போனது என்று எழுதும் டிரிப் ஷீட் ஒன்றை நீட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

"பன்னிரண்டு மணிக்கு சடையங்குப்பத்துல சொன்னதா இருக்கு."

அதற்கு ஒரு கதை உண்டு. மழையில் காகிதம் நனையும், பேனா ஓடாது. அதனால் மணலி அலுவலகத்தில் அக்டோபரிலேயே, வெயில் அடிக்கிற ஒரு நாளாகப் பார்த்து, பத்து வெற்று ஷீட்டில் டிரைவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிடுவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். எல்லா டிரைவரும் போடுவதுதான்.

"அக்டோபர்ல வெறும் தாள்ல போட்டது சார். டைம வேற யாரோ எழுதிக்கீறாங்கோ."

"அத நீ நிரூபிக்க முடியாதுப்பா. நீ சொல்லலன்னு நான் எழுதினா, சொல்லாம விட்டவன் நீதான்னு ஆயிடும். பொய்யாக் கையெழுத்து போட்டவனும் நீதான். லெட்டர் எப்ப வந்துச்சுன்னு எவனும் கேக்க மாட்டான்." குணசேகரன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விட்டுடு. அந்தம்மா போய்ச் சேந்துட்டாங்க. அந்த ஒரு வரி இனிமே அவங்கள என்ன பண்ணப்போவுது?"

"என் பேச்ச கேக்காம செத்தான்னு எழுதிக்கீது சார்."

"சரி, அதனால?"

"வூட்ல ஆயிரம் சண்ட போடுவா. மைக்ல நான் சொல்லி ஒரு தபாகூட அவ கேக்காம இருந்ததில்ல." நீலமேகம் கைக்குட்டையைத் தேடினார், இல்லை, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சொல்லலன்னே எழுதுங்க சார்."

குணசேகரன் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு எழுதினார். இரண்டு மாநிலம், ஐந்து அலுவலகம், அத்தனை மதகு, பதினாலு மாதம் என்று சல்லடை போட்டும் அகப்படாத பொறுப்பாளி, அன்று காலை பதினொன்று நாற்பதுக்கு, காக்கிச் சட்டையோடு தானே வந்து சேர்ந்தார். செய்தி பக்கத்து அறைகளுக்கு உடனே பரவியது. இதற்கு லெட்டர் தேவைப்படவில்லை. யாரோ டீ சொல்லி அனுப்பினார்கள்.

"ஓட்டுநர் நீலமேகம் எச்சரிக்கை செய்யத் தவறியதால், மேற்படி கார்குழலி உயிரிழந்தார்."

நீலமேகம் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "மதியாமல்" இருக்கிறதா என்று தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். இல்லை. கையெழுத்துப் போட்டார்.

வெளியே உசேன் ஆட்டோவில் சாய்ந்து நின்றிருந்தார்.

"இன்னா நைனா ஆச்சு?"

"கார்குழலி மேல தப்பு இல்லன்னு எழுதிட்டாங்கோ."

"அப்போ யார் மேலயாம்?"

"யாரோ ஒருத்தன் மேல. ஏறு, போலாம்."